ஐந்துக்கு ஐந்து

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை போனில் பேசும்போதே மூச்சு வாங்கினாய். அத்தனை படி ஏறிப்போய்தான் பாடம் நடத்த வேண்டும் என்று உனக்கு என்ன தலையெழுத்தோ.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் வீடு இரண்டே அறை. ஒன்றில் இவர், இன்னொன்றில் அத்தை. நான் எங்கே நின்று பேசினாலும் யார் காதிலாவது விழும். அதனால் கண்ணாடிக் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

இவருக்கு மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருந்தது. வாயு என்றார், சாமான் தூக்கியது என்றார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் உடம்பு இளைத்திருப்பதையே கவனித்தேன். இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். கல்லீரலில் கட்டி. புற்றுநோய்தான் என்று ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிட்டது. சின்ன வயதில் வந்த காமாலைக் கிருமி போகாமல் உள்ளேயே குடியிருந்து இத்தனை வருடமாக ஈரலை அரித்திருக்கிறதாம்.

ஒரு சொட்டு குடிக்காத மனிதர் அக்கா. ஈரல் என்றதும் மாடி வீட்டுக்காரி, "அவரு... எப்பவாச்சும்...?" என்று இழுக்கிறாள். இவர் அதைக் கேட்டுவிட்டு, "குடிச்சுத் தொலைச்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும்" என்று சிரிக்கிறார். இன்றைக்குக்கூட ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அத்தையிடம் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே போகட்டும், யாரைப் பார்க்கட்டும்? நம் வீட்டில் படித்தவள் நீ ஒருத்திதான். சொல்.

உன் பதிலை எதிர்பார்த்து,
பாப்பா

•

ஜனவரி 22

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தேன். படித்து முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நான் நலம். என் முழங்காலைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை? மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, அதை எழுது.

முதலில் அழுகையை நிறுத்து. உங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனையில் ஈரல் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே தலைமை அறுவை மருத்துவர் என்னோடு படித்தவன். கை சுத்தமானவன். உடனே போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஆறு வருடமாகச் செய்துவரும் ஈரல் மாதிரிகளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீதான் "பொம்மை செய்யவா இவ்வளவு படிச்சே" என்று கேலி செய்வாய். எங்கள் மருத்துவக் கல்லூரி உடற்கூற்றுக் கூடத்துக்கு வரும் சடலங்களில் ஈரல் மருந்தில் ஊறிச் செங்கல்லாக இறுகியிருக்கும். உள்ளே ரத்தக்குழாய்கள் எப்படிப் பிரிகின்றன என்று மாணவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. நெட்டுருதான். அதற்காகத்தான் ஸ்கேன் படங்களிலிருந்து கண்ணாடி போன்ற ஈரலை அச்சிட்டு, உள்ளே சிவப்பும் நீலமுமாகக் குழாய்களை ஓடவிட்டேன். மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நோயாளிகளுக்குச் சிகிச்சையை விளக்கவும் அது பயன்படுமா என்று நான்கு மருத்துவமனைகளில் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த மருத்துவமனை அதில் ஒன்று. சிலருக்கு மாதிரி, சிலருக்கு வெறும் படத்தாள். யாருக்கு எது என்பது குலுக்கலில் விழும்.

என் பெயரை அங்கே சொல்லாதே. விதிப்படி அது சரியில்லை. ஆனால் போ.

மாப்பிள்ளையிடம் தைரியமாக இருக்கச் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? இங்கே அத்தை சுகம், நான் சுகம். இவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்ன இடத்துக்கே போனோம். இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் உன்னோடு படித்தவர், நல்ல உயரம், பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் ஒரு டாக்டரம்மா. அவர் கத்தி வைப்பதில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் நரம்பை மருந்தால் அடைப்பாராம். கட்டி பட்டினி கிடந்து சுருங்கும். "இது பூரணமா குணமாக்காதும்மா. ரெண்டு வருஷம், நல்லாயிருந்தா அதுக்கு மேலயும் ஓட்டலாம். நடமாடுவார், வேலைக்குப் போவார்" என்றார். உன் டாக்டர், "அறுத்தா மொத்தமா எடுத்துடலாம். ரிஸ்க் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

குலுக்கலில் இவருக்கு உன் ஈரல் மாதிரி விழுந்தது! ஒரு சின்ன அறை, ஒரு மேசை, விளக்கிச் சொல்ல ஒரு பெண். துணியை எடுத்ததும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது அக்கா. அவ்வளவு அழகு. இனிமேல் பொம்மை என்று சொல்ல மாட்டேன். மஞ்சளாக ஒரு உருண்டை, அதுதான் கட்டி. அந்தப் பெண் விரலால் பிடித்து இழுத்தாள். 'டக்'கென்று கையோடு வந்துவிட்டது. உள்ளே காந்தமாம்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழற்றினார், மாட்டினார். "ஈரலுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் வந்தாச்சா? இவ்வளவுதானே விஷயம், இதுக்குப் போயா இவ்வளவு நாள் பயந்தேன்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவர் கையில் அதை வைத்துக்கொண்டு இருக்கும்போது போட்டோவும் எடுத்தாள்.

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். 'என் நோய் எனக்குப் புரிந்தது', 'சிகிச்சை பற்றித் தெளிவு கிடைத்தது', இப்படிப் பத்து வரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. பத்துக்கும் ஐந்து போட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத மார்க்கை இங்கே வாங்கிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது ஒரே பெருமை.

ஆபரேஷன்தான் என்று முடிவாகச் சொல்கிறார். மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்று ராகம் போட்டுக்கொண்டு குளித்தார்.

பாப்பா

•

பிப்ரவரி 13

அக்கா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். போன கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் இதை எழுதுகிறேன்.

இன்று ரத்தம் கொடுக்கப் போனபோது அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அறுக்கிறது பெரிசில்லம்மா, மிச்சம் இருக்கிற ஈரல் தாங்கணுமே" என்றார். ஈரல் முழுதும் இறுகிப்போயிருக்கிறதாம். நான், "மாதிரியில அப்படி ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நீ அதைச் செய்தவள். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மாதிரியில் கட்டி கழன்று வருவதுபோல் இவருக்கு வருமா? கடைக்கு வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நீயும் ஒன்றைச் சொல். ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் இல்லை. பூசி மெழுகாதே.

மார்ச் ஆறாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பாப்பா

•

பிப்ரவரி 25

என் பாப்பாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னிக்கவும். தேர்வு நேரம், மாணவர்கள் கூடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். நடுவில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று. முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை. இங்கே வெயில் இப்போதே கடுமை. உங்கள் பக்கம் எப்படி?

மாப்பிள்ளை மாதிரியைக் கழற்றி மாட்டியதைப் படித்து மனம் விட்டுச் சிரித்தேன். நோயாளிக்குப் பயம் தெளிய வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம். பயந்தவருக்கு எந்தச் சிகிச்சையும் சரியாகப் பலன் தராது.

நீ கேட்டதைப் பற்றி. மாதிரி என்பது விளக்குவதற்கான கருவி. ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதம். நான் மாப்பிள்ளையின் ஸ்கேனைப் பார்க்கவில்லை. இறந்தவர்களை வைத்துப் பாடம் நடத்துகிறவள் நான். உயிரோடு இருப்பவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் நண்பன் வருடத்துக்கு நூறு ஈரல் அறுவை செய்கிறவன். டாக்டரம்மாவும் அனுபவசாலிதான். இருவரிடமும் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். முடிவு உங்கள் இருவருடையது. எதுவானாலும் நான் உங்கள் பக்கம்.

உனக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரி அறைகள் குளிரும்.

எப்போதும் உன்,
அக்கா

•

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆறாம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஏழு மணி நேரம். கட்டி முழுசாக வந்துவிட்டது என்று உன் டாக்டர் வெளியே வந்து சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு நாள் ஐ.சி.யூ., இப்போது வார்டு.

கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். வயிறு உப்பியிருக்கிறது.

சால்வை கிடைத்தது. கடிதமும் கிடைத்தது.

பாப்பா

•

ஏப்ரல் 16

என் பாப்பாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. என் நண்பனிடம் விசாரித்தேன். "கொஞ்சம் இழுக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றான். ஈரல் வளரும் உறுப்பு, பாப்பா. நேரம் எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு உப்புக் குறைத்துக் கொடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இந்த நேரத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு நல்ல செய்தி உனக்கும் தெம்பு தரட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மாதிரியைப் பார்த்த நோயாளிகளின் புரிதல், மன நிம்மதி, இரண்டிலும் மதிப்பெண் படத்தாள் பார்த்தவர்களைவிட மிக அதிகம். துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார்.

ஒரு சின்ன விஷயம். மாப்பிள்ளை மாதிரியைக் கையில் பிடித்துச் சிரிக்கும் படத்தை அந்தப் பெண் அனுப்பியிருக்கிறாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கட்டுரையோடு அதைப் போடலாம் என்கிறார்கள். அனுமதிப் படிவம் இத்துடன் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முடியும்போது ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு. அவசரமில்லை.

அவர் எழுந்து நடந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா

•

மே 3

பாப்பா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சித்தப்பா போன் செய்து சொன்னார். ஏப்ரல் இருபதாம் தேதியே முடிந்துவிட்டது என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். தெரிந்தபோது நான் கருத்தரங்கில் இருந்தேன். பேச வேண்டியது மறுநாள். பேசாமல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

என் போன கடிதம் எந்த நாளில் உன் கைக்கு வந்தது என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடு. படம் வராது.

அவருடைய அம்மாவை எப்படித் தேற்றுகிறாய்? நீ சாப்பிடுகிறாயா? கொஞ்ச நாள் என்னோடு வந்து இரு. இங்கே உனக்கென்று ஓர் அறை இருக்கிறது.

ஏதாவது ஒரு வரி எழுது பாப்பா. திட்டியாவது எழுது.

அக்கா

•

ஜூன் 9

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சௌக்கியமாக இருப்பாய்.

திட்டியாவது எழுது என்றாய். முதலில் அவர் எப்படிப் போனார் என்று எழுதுகிறேன். உன் நண்பர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

மஞ்சள் போகவில்லை. ஏறிக்கொண்டே போனது. வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நாலு நாளுக்கு ஒரு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பானையாகிவிட்டது. மிச்சம் வைத்த ஈரல் வேலை செய்யவில்லை என்றார்கள். கடைசிப் பத்து நாள் அவருக்கு அறிவு பிசகிவிட்டது. லிஃப்ட் குழிக்குள் மாட்டிக்கொண்டதாக நினைப்பு. என்னைப் பார்த்து, "டேய், மெயினை ஆஃப் பண்ணுடா, ஆள் உள்ள இருக்கேன்" என்று கத்துவார். "ஆஃப் பண்ணிட்டேன், மேல வாங்க" என்பேன். "இல்ல, லைட்டு எரியுதே, பொய் சொல்றே" என்பார். வார்டு விளக்கை அணைக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன். மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள், முடியாது என்றுவிட்டார். ஆக, கடைசி வரைக்கும் அவருக்கு நான் பொய்க்காரியாகத்தான் இருந்தேன்.

உன் படிவம் இருபத்திரண்டாம் தேதி வந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கப் போனேன். மாதிரியை விளக்கிய பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் இதைக் காட்டக் கூடாது. ஆனா உங்க வீட்டுக்காரர் பத்துக்கும் அஞ்சு போட்டாரே, அது எனக்கு மனசுல குத்திக்கிட்டே இருக்கு" என்றாள்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அதற்குள்ளும் ஓர் ஈரல். ஆனால் கண்ணாடி மாதிரி இல்லை. பழுப்பாக, சுருங்கி, பாகற்காய்த் தோல்போல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. கட்டி உள்ளே புதைந்திருந்தது. நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. "அப்படி வராதுக்கா. இந்தப் பாதியை மொத்தமா கழட்டணும்" என்று கழற்றிக் காட்டினாள். மிச்சம் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கு இருந்தது இப்படிப்பட்ட ஈரல்தான். முதல்ல இதைத்தான் எல்லாருக்கும் காட்டினோம். அப்புறம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'முதல் வடிவம். பழுதடைந்த ஈரல்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ழு'வை அப்படிச் சுழிப்பது உலகத்தில் நீ ஒருத்திதான். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நீதானே.

ஆக உனக்குத் தெரியும். ஆமாமா இல்லையா என்று நான் கேட்டபோதே தெரியும். அதற்குத்தான் வெயிலைப் பற்றியும் கருத்தரங்கைப் பற்றியும் எழுதி, நடுவில் மென்று முழுங்கினாய்.

அத்தை என்னோடு பேசி ஏழு வாரம் ஆகிறது. தட்டைக் கழுவி வைப்பார், என் தட்டை விட்டுவிட்டு. "கையெழுத்துப் போடும்போது நீதானே பக்கத்துல இருந்தே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

எனக்கு உன் வீட்டு அறை வேண்டாம். ஒன்று செய். அவர் போட்ட பத்து ஐந்தையும் உன் கட்டுரையிலிருந்து எடுத்துவிடு. அதை வைத்து நீ கைதட்டல் வாங்கக் கூடாது.

பாப்பா

•

ஜூலை 14

பாப்பா,

உன் நலத்தை விசாரிக்கும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு வாரம் இருந்தேன். இந்த முறை மென்று முழுங்காமல் எழுதுகிறேன்.

அந்தச் சீட்டு என் கையெழுத்துதான். முதலில் உண்மையான ஈரலைத்தான் செய்தேன். பதினான்கு பேருக்குக் காட்டினோம். ஒன்பது பேர் எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு முப்பத்தொரு வயது. ஈரல் கெடவில்லை, அறுத்திருந்தால் பிழைத்திருப்பான். பயத்தில் போனவன் திரும்பி வரவே இல்லை. பயமுறுத்தாத மாதிரி வேண்டும் என்று குழு சொன்னது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வழவழப்பான ஈரலைச் செய்து காந்தத்தை வைத்தேன். மீதியை மருத்துவர் வாயால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அதன் பிறகு வாய் வார்த்தை ஏறாது என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உன் கேள்விக்கு முதலில் 'இல்லை' என்றுதான் எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கிழித்தேன். மாப்பிள்ளைக்கு 'இல்லை' என்றால், அதே அறையில் அதே மாதிரியைப் பார்த்த மற்றவர்களுக்கு என்ன சொல்வது? என் தங்கை வீட்டுக்கு ஒரு பதில், ஊராருக்கு ஒரு மாதிரி என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொண்டால் என் ஆறு வருடமும் என் முகத்தில் அறையும். அதனால் வெயிலைப் பற்றி எழுதினேன்.

மதிப்பெண்ணை எடுக்க முடியவில்லை. கேட்டுப் பார்த்தேன். கலந்துகொண்டவர் இறந்தார் என்பதற்காக அவர் பதிலை நீக்கினால் அதுதான் தில்லுமுல்லு என்றார்கள். விதிப்படி அவர்கள் சொல்வது சரி. ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தார்கள். 'இந்த மாதிரி, மீதமிருக்கும் ஈரலின் நிலையைக் காட்டாது.' சின்ன எழுத்தில் வரும்.

இது போதாது என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவின் முன்னால் வந்து நின்று என் வாயால் சொல்லச் சொல்கிறாயா? சொல், வருகிறேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தையும் நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. கோபமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

நீ எழுதிவிட்டாய். இனி நான் எழுத வேண்டும்.

மார்ச் ஐந்தாம் தேதி மத்தியானம், சம்மதப் படிவத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டாக்டரம்மா இன்னொரு முறை வந்து இவரிடமே பேசினார். மிச்ச ஈரல் எவ்வளவு இருக்கும் என்று தாளில் வரைந்து காட்டினார். அவர் போனதும் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, பேசாம அந்தக் குழாய் வைத்தியமே பண்ணிக்கலாமா? ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். என்ன இப்போ?" என்றார்.

நான் படிவத்தின் பக்கங்களைப் புரட்டினேன்.

"உங்க அக்காவுக்கு எழுதினியே, என்ன பதில் போட்டா?"

உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் வந்தது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? எனக்குப் படிக்கத் தெரியும் அக்கா. ஆமாம் என்றால் நீ முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். அத்தனை சுற்றிச் சுற்றி எழுதியதிலேயே பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. இல்லை என்று நீ எழுதவில்லையே தவிர, நான் படித்துவிட்டேன்.

நான் சொன்னேன், "அக்கா தாராளமா பண்ணிக்கலாம்னு எழுதியிருக்கா. அவ செஞ்ச மாதிரிதானே அது, அவளுக்குத் தெரியாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க அக்காவே சொல்லிட்டா அப்புறம் என்ன" என்று கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. டாக்டரம்மா சொன்ன இரண்டு வருடம் எனக்குப் போதவில்லை. இரண்டு வருடமும் நாள் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு இருமலுக்கும் பயந்துகொண்டு என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. எனக்கு அவர் முழுசாக வேண்டும். இல்லையென்றால்... இல்லையென்றால் என்ன என்று அப்போது நினைக்கவில்லை. நாற்பத்தைந்து நாள் கிடைத்தது. அதில் பத்து நாள் அவருக்கு நான் யாரென்றே தெரியாது.

போன கடிதத்தில் உன்னை அத்தனை கேள்வி கேட்டேனே, அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இதை விட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

இன்னொன்றையும் கேள். அலமாரியில் பார்த்த ஈரலைப் பற்றி அத்தையிடம் சொல்லிவிட்டேன். உன் கையெழுத்து இருந்ததையும் சொன்னேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுகிறார். என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னையும்ல ஏமாத்திட்டா, கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாளா" என்று அழுதார். இப்போது என் தட்டையும் கழுவி வைக்கிறார். நான் கடையிலிருந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறார். சாப்பிடும்போது தினம் உன்னைத் திட்டுகிறார். வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது.

இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

நீ வர வேண்டாம். வந்து அவர் முன்னால் நின்றால் நீ உண்மையைச் சொல்வாய். 'அப்படி நான் எழுதவே இல்லையே' என்பாய். அதற்குப் பிறகு இந்த இரண்டு அறைக்குள் நான் எங்கே போவேன்?

உன் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்க்க உனக்கு இடம் கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை. அதனால் திட்டை நீயே வாங்கிக்கொள் அக்கா. என் பங்கையும் சேர்த்து.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா